ஊற்றிக் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டா?



சில கிழமைகளுக்கு முன் ஒரு மாலை, பூசை முடிந்து கோவிற் கதவு சாத்தும் வேளையில், நம் பங்கைச் சேர்ந்த வாலிபன் ஒருவன் என்னைக் காண வந்தான். பகலில் கல்லூரி; சனி ஞாயிறுகளில் ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் மதுபானம் பரிமாறும் வேலை. அந்த வேலைக்குச் சட்டம் கேட்கும் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் பெற்றிருந்தான். ஆனால் முகத்தில் தெளிவு இல்லை. சற்று நேரம் கதிரையின் விளிம்பில் இருந்துவிட்டு, மெல்லக் கேட்டான்:

"சுவாமி, குடிக்கிறவர் என்னைவிட முப்பது வயது மூத்தவர். காசு குடுக்கிறவர் வேறை ஆள். போத்தல் முதலாளியின்ரை. நான் ஊத்திக் குடுக்கிறன், அவ்வளவுதான். பிறகு அவர் றோட்டிலை என்ன செய்தாலும் அதுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேணும்? ஊத்துற கைக்கும் கணக்கு இருக்கோ?"

முந்திய சனிக்கிழமை தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போதுமென்று தோன்றிய பிறகும் இரண்டு முறை ஊற்றியதாகச் சொன்னான். அவர் தானே காரை ஓட்டிக்கொண்டு போனாராம். மறுநாள் காலை அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியும் வரையில் தனக்கு உணவு இறங்கவில்லை என்றான்.

அவனுக்கு அன்று சொன்ன பதில் அரைகுறையானது. கேள்வி அவனுடையது மட்டுமன்று. நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் உணவகங்களிலும் மண்டபங்களிலும் வேலை செய்கிறார்கள். சிலர் அவற்றுக்கு உரிமையாளர்கள். ஏனையோரோ விருந்து வைப்பவர்கள், விருந்துக்குப் போகிறவர்கள். ஆகையால் இவ்வாரம் இதை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். திராட்ச இரசம் பாவமன்று. கானாவூர்க் கலியாணத்துக்கு நம் ஆண்டவர் போனார். அங்கே இரசம் குறைந்தபோது அதை நிரப்பியும் கொடுத்தார். மதுவைப் படைப்பிலேயே கெட்டதென்று திருச்சபை ஒருநாளும் போதித்ததில்லை. அளவு மீறுவதும், அதனால் பிறருக்குக் கேடு செய்வதுமே குற்றம். எனவே மதுபானம் பரிமாறும் தொழிலை இழிவென்று சொல்ல நான் வரவில்லை. நேர்மையாகச் செய்யத்தக்க தொழில் அது. நேர்மையாகச் செய்யத்தக்கது என்பதனாலேயே அதற்கொரு தர்மமும் உண்டு.

பயிற்சி என்ன சொல்கிறது?

ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற இடங்களில் மதுபானம் விற்போரும், பரிமாறுவோரும், மேற்பார்வை செய்வோரும், வாசலில் காவல் நிற்போரும் 'ஸ்மார்ட் சேர்வ்' என்னும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 19 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கக் கூடாது. ஐயம் எழுந்தால் அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். வெறி ஏறியவருக்கு மேலும் ஊற்றக் கூடாது. விருந்தினர் பத்திரமாய் வீடு போக வழி பார்க்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இவையே அப்பயிற்சியின் உள்ளடக்கம்.

இவற்றோடு மதுவின் கணக்கையும் கற்பிக்கிறார்கள். அதை நம் வீடுகளிலுள்ள எல்லாரும் அறிவது நல்லது. கனடாவில் ஒரு 'நியம அளவு' என்பது 5 வீதச் செறிவுள்ள பியரில் 341 மில்லிலீற்றர். 12 வீதமுள்ள வைனில் 142 மில்லிலீற்றர். 40 வீதமுள்ள விஸ்கி, சாராயம் போன்றவற்றில் 43 மில்லிலீற்றர். இம்மூன்றிலும் அடங்கியுள்ள மதுசாரம் ஒன்றேதான், ஏறக்குறைய 13.5 கிராம். "பியர்தானே, அதிலை என்ன இருக்கு?" என்று சொல்லும் நம் பெரியவர்கள் இதைக் கவனிப்பார்களாக. இன்னொன்று: வீட்டு விருந்துகளில் நாம் அளவுக் கிண்ணம் வைத்தா ஊற்றுகிறோம்? கண்ணளவில் ஊற்றுகிறோம். 'ஒன்று' என்று நாம் எண்ணுவது பலவேளை இரண்டாய் இருக்கும்.

உடலிலுள்ள ஈரல் ஓர் அளவு மதுவை அழித்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். கடும் கோப்பி குடித்தாலும், தேசிக்காய்ச் சாறு குடித்தாலும், தலையில் குளிர்ந்த நீர் ஊற்றினாலும் அது விரைவுபடாது. நேரம் ஒன்றே மருந்து. வயிற்றில் உணவு இருந்தால் மது மெதுவாய் இரத்தத்தில் ஏறும். இல்லையேல் விரைந்து ஏறும். குடித்த உடனே வெறி முழுமையாய்த் தெரிவதுமில்லை. ஒருவர் உங்கள் முன் தள்ளாடும்போது நீங்கள் காண்பது சற்று முன் உட்கொண்டதன் பயனை. கடைசியாய்க் குடித்தது இன்னும் வெளிக்காட்டவில்லை. ஆகவே தள்ளாடும் வரை காத்திருப்பவன் பிந்திவிட்டான். பேச்சு உரத்துப்போவதையும், சொன்னதையே திரும்பச் சொல்வதையும், காசு எண்ணுகையில் விரல் தடுமாறுவதையும் முன்னதாகவே கண்டுகொள்ளப் பரிமாறுவோனைப் பழக்குவதே பயிற்சியின் நோக்கம்.

இது அறிவு. ஆனால் அந்த வாலிபனை வருத்தியது அறிவுக் குறைவன்று. அறிந்தபின் வந்த பாரமே அவனை வருத்தியது.

மூன்று சமாதானங்கள்

ஊற்றிக் கொடுப்பவன் தன்னை விடுவித்துக்கொள்ள வழக்கமாய்ச் சொல்லும் சமாதானங்கள் மூன்று.

முதலாவது: "அவர் வளர்ந்த மனிதர், அவர் குடிப்பது அவர் சுயாதீனம்." இதில் ஓர் உண்மை இருக்கிறது. மனிதனுடைய சுயாதீனத்தைச் சர்வேசுரனே மதிக்கிறார், நாம் மதிக்காமலிருக்கலாமா? ஆனால் யோசித்துப் பாருங்கள். துணி வாங்குகிறவன் பத்து முழம் வாங்கினாலும் பத்தாவது முழத்தையும் முதல் முழத்தை வாங்கிய அதே புத்தியோடு வாங்குகிறான். மதுவில் அப்படியல்ல. முதற் கோப்பையை மனிதன் கேட்கிறான். ஆறாவது கோப்பையைக் கேட்பது முந்திய ஐந்து கோப்பைகள். தெரிவு செய்யும் புத்தியையே மழுக்கும் பொருளை விற்பவன், வாங்குபவருடைய தெரிவின் பின்னால் மறைந்துகொள்ள முடியாது. போதாததற்கு, அவர் வெளியே போய்த் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. எதிரே வரும் காரில் இருக்கும் தாயும் பிள்ளையும் யாதொன்றையும் தெரிவு செய்யவில்லையே!

இரண்டாவது: "நான் சம்பளக்காரன், முதலாளி சொன்னதைச் செய்தேன்." ஏவலாளுக்குப் பொறுப்புக் குறைவு என்பது மெய்தான். குறைவு என்பது இல்லை என்பதாகாது. கை என்னுடையது, கண்ணும் என்னுடையது. முதலாளி கணக்கறையில் இருக்கிறார். அந்த மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பியதைக் கண்டவன் நானே. இதை அறிந்துதான் சட்டமும் உரிமையாளரோடு நில்லாமல் பரிமாறுவோனையும் பயிற்சிக்கு அழைக்கிறது.

மூன்றாவது: "நான் கொடுக்காவிட்டால் அடுத்தவன் கொடுப்பான்." இது மிகப் பழைய சமாதானம். உலகில் எந்தத் தீமைக்கும் பொருந்தும் என்பதனாலேயே எதற்கும் உதவாத சமாதானமும் இதுவே. அடுத்தவன் செய்யப்போவது அடுத்தவன் கணக்கு. நான் தீர்க்கவேண்டியது என் கணக்கு.

அறிந்தவனும் அறியாதவனும்

அப்படியானால் ஊற்றிக் கொடுத்தவன் எப்போதும் குற்றவாளியா? இல்லை. இங்கே நிதானம் வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தம்முடைய பெரிய வேதசாஸ்திர நூலில் குடிவெறியைப் பற்றி ஆராயும் இடத்தில் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அவர் தீர்ப்பின் கருத்து இது: மதுவின் வலிமையை அறியாமல் குடித்து வெறித்தவன் எவ்வாறு குற்றத்துக்கு நீங்கலாகிறானோ, அவ்வாறே இம்மனிதன் இவ்வளவில் வெறிப்பான் என்று அறியாமல் கொடுத்தவனும் நீங்கலாகிறான். ஆனால் அறியாமை இல்லாதவிடத்து இருவருமே நீங்கலாகார். ஆகப் பொறுப்பின் முளை அறிவில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் யாத்திராகமத்தின் சட்டமும் இதுவே அல்லவா? மாடு முதன்முறையாக ஒருவனைக் குத்திக் கொன்றால் உடையவன் குற்றமற்றவன். அது முட்டும் மாடு என்று முன்னமே எச்சரிக்கப்பட்டும் கட்டிவையாதிருந்தால் அவன் குற்றவாளி.

இந்நாட்டு நீதிமன்றங்களும் இதே பாதையில் நடந்திருக்கின்றன. 1968-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒன்ராறியோவில் நெடுஞ்சாலையோரத்து ஹொட்டேல் ஒன்றில் வழக்கமாய் வரும் ஒருவர் மாலை முதல் குடித்தார். வெறித்தால் அவர் தம் நிதானம் இழப்பவர் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். பொறுப்பான ஒருவர் உடன் இல்லாவிட்டால் அவருக்குக் கொடுக்கக் கூடாதென்று உரிமையாளர் பணியாளருக்குக் கட்டளையும் இட்டிருந்தார். அன்றிரவு அவர் மற்ற மேசைகளுக்குப் போய்த் தொந்தரவு செய்தபோது அவரைத் தனியே வெளியேற்றிவிட்டார்கள். இருட்டில் நெடுஞ்சாலை வழியே வீட்டுக்கு நடந்த அவரைக் கார் ஒன்று மோதியது. வழக்குக் கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1973-இல் நீதியரசர் போரா லாஸ்கின் எழுதிய தீர்ப்பு, ஹொட்டேலுக்கு அவர்மீது கவனக் கடமை உண்டென்று கூறிற்று. அவரைத் தன் பொறுப்பில் வைத்திருக்கலாம். பொறுப்பானவர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கலாம். அல்லது தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் நிலை வரும்வரை தனியே வெளியே விடாதிருந்திருக்கலாம். நட்டம் மூன்று சம பங்காகப் பிரிக்கப்பட்டது: குடித்தவருக்கு ஒரு பங்கு, கார் ஓட்டியவருக்கு ஒரு பங்கு, ஊற்றிக் கொடுத்த ஹொட்டேலுக்கு ஒரு பங்கு.

இந்தப் பிரிவினையை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. குடித்தவர் தம் பங்கிலிருந்து தப்பவில்லை. ஊற்றியவர்மேல் முழுப் பாரமும் ஏற்றப்படவுமில்லை. ஒருவனுடைய பங்கு இருக்கிறதென்பதால் மற்றவனுடைய பங்கு மறைந்துபோவதில்லை என்பதே இதன் சாரம். மனச்சாட்சியின் கணக்கு ரூபாய் சதம் போல மூன்றாய் வகுபடாது. ஆயினும் படிப்பினை ஒன்றுதான்.

சரி, பொறுப்பு அறிவினால் வருகிறதென்றால், அறியாமலே இருந்துவிடுவது சௌகரியம் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் கணக்கே இல்லையே! இந்தத் தந்திரத்தையும் அறநூலார் அறிவார்கள். வேண்டுமென்றே தேடிக்கொண்ட அறியாமை பாரத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும். 1995-இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்குத் தீர்ந்தது. எட்மன்ரன் நகரில், 1985 டிசம்பரில், விருந்தோடு நாடகமும் நடக்கும் ஓரிடத்தில் ஒருவர் பல கோப்பைகள் குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்துக்குள்ளானார். உடன் வந்த அவர் சகோதரி நிரந்தரமாய் முடங்கிப்போனார். வெறித்தவரால் பிறருக்கு வரும் கேட்டுக்கும் விற்பவர் பொறுப்பாகலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் அந்த வழக்கில் விற்றவரைக் குற்றப்படுத்தவில்லை. ஏனெனில் அதே மேசையில் வெறியற்ற உறவினர் இருவர் இருந்தனர். அவர்களில் ஒருவர் ஓட்டுவாரென்று எண்ணியது நியாயமே. ஆனால் யார் எவ்வளவு குடிக்கிறார் என்று தெரியவே முடியாதபடி தன் இடத்தை வேண்டுமென்றே அமைத்துக்கொண்ட ஒருவர், "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொன்னால் அதை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்ற கருத்தையும் அத்தீர்ப்புப் பதிவு செய்தது.

ஆகவே பயிற்சியைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: அது காசு கட்டிப் பெறும் வெறும் அனுமதிச் சீட்டன்று. "எனக்குத் தெரியாது" என்னும் சொல்லை இனி நான் சொல்லமாட்டேன் என்று ஒருவன் கொடுக்கும் வாக்கு அது. பாடத்தைப் பாராமலே விடையை மட்டும் எவரையேனும் கொண்டு நிரப்பிவிடலாம் என்ற நினைப்பு எவருக்காவது எழுந்தால், அவர் ஏமாற்றுவது அரசாங்கத்தை மட்டுமன்று என்பதை நினைவிற் கொள்வாராக.

"தம்பி, எனக்கே இல்லையெண்டு சொல்லுறாய்?"

இதுவரை சொன்னது புத்தகத்திலும் இருக்கும். நம்மவருக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அது எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லை.

பத்தொன்பது வயதுப் பிள்ளை, தகப்பனுடைய கூட்டாளிக்கு, சொந்த மாமாவுக்கு, தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பாவுக்கு, நாலுபேர் முன் "இனித் தரமாட்டேன்" என்று சொல்வது எப்படி? மூத்தோர் சொல்லைத் தட்டாதே என்று நாமே அவனுக்குக் கற்பித்தோம். அவர் கோப்பையை நீட்டி, "தம்பி, எனக்கே இல்லையெண்டு சொல்லுறாய்?" என்று கேட்கும்போது, அவன் கற்ற இரண்டு பாடங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அன்று என்முன் வந்த வாலிபனுடைய சிக்கல் உண்மையில் இதுவே.

மரியாதை என்றால் என்ன? கேட்டதைக் கொடுப்பதுதான் மரியாதையானால், வைத்தியர் மரியாதையற்றவர். நீரிழிவுக்காரத் தாய்க்குச் சீனி மறுக்கும் மகள் மரியாதையற்றவள். அப்படி எவரும் சொல்வதில்லை. மூத்தவருடைய மானத்தையும் உயிரையும் காப்பதே மரியாதை. அவர் நாளைக் காலையில் எழும்பி, 'நேற்று நான் என்ன செய்தேன்' என்று வெட்கப்படாமலிருக்கச் செய்பவன்தான் அவரை உண்மையில் மதித்தவன். நாலாம் கட்டளை பெற்றோரையும் பெரியோரையும் சங்கிக்கச் சொல்கிறது. அவர்களுடைய பலவீனத்துக்கு ஊழியம் செய்யச் சொல்லவில்லை.

ஆனால் மறுக்கும் முறை இருக்கிறது. பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். 'வெறி' என்ற சொல்லை அவர் முன் எடுக்காதீர்கள். அது சண்டையின் தொடக்கம். பிறர் காதில் விழச் சொல்லாதீர்கள். அருகில் குனிந்து சொல்லுங்கள். "மாமா, சாப்பாடு சூடா வந்திருக்கு, முதல்லை சாப்பிடுங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஒரு தட்டை முன்னே வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். கேட்பதற்கு முன்னமே ஊற்றிக்கொண்டு திரியாதீர்கள்; வேகத்தைக் குறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவருடைய மனைவிக்கோ, சகோதரருக்கோ, நிதானமாயிருக்கும் ஒரு கூட்டாளிக்கோ இரகசியமாய்ச் சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்கு அறிவியுங்கள். இறுதியில் மறுத்தே ஆகவேண்டுமானால், "மாமா, இதுக்கு மேலை தந்தால் என்ரை வேலை போயிடும்; என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று உங்கள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். அது பொய்யுமன்று, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. அவர் கோபிப்பார். கோபம் ஒரு கிழமையில் ஆறும், விபத்து ஆறாது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் முன் நிற்கும் அந்தப் பிள்ளை, மறுப்பதற்கு எவ்வளவு துணிவைத் திரட்டியிருப்பான் என்று எண்ணுங்கள். அவனை நாலுபேர் முன் ஏளனம் செய்யாதீர்கள். அடுத்த முறை அவன் ஊற்றிவிடுவான். அந்த அடுத்த முறை குடிப்பவர் உங்கள் மகனாய் இருக்கலாம்.

மண்டபமும் உணவகமும் நடத்துவோரே, உங்கள் பங்கும் சிறிதன்று. பணியாளனுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடாது. அவன் மறுக்கும்போது நீங்கள் அவன் பின்னால் நிற்கிறீர்களா, அல்லது வாடிக்கையாளர் முகம் கறுக்கிறது என்று அவனைக் கண்டிக்கிறீர்களா? விற்பனை ஏற ஏற அன்பளிப்புக் காசும் ஏறும் என்ற ஆசையை அவன் முன் வைத்துவிட்டு, அவனே மனச்சாட்சியோடு போராடட்டும் என்று விடுவது நீதியாகாது. சரியானதைச் செய்வது எளிதாகும்படி இடத்தை அமைப்பது முதலாளியின் தர்மம்.

வீட்டு விருந்தில்

இதையெல்லாம் வாசித்து, "நாங்கள் மண்டபக்காரரும் அல்ல, பரிமாறுவோரும் அல்ல" என்று பெருமூச்சு விடுவோர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் கடைசிப் பகுதியை வைத்திருக்கிறேன்.

1998-ஆம் ஆண்டு முடிந்து 1999 பிறந்த இரவில், ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் புதுவருட விருந்து நடந்தது. விருந்தினர் தத்தம் மதுவைத் தாமே கொண்டுவந்தனர். வீட்டார் நள்ளிரவில் சிறிதளவு ஷம்பெயின் மட்டும் பரிமாறினர். நன்றாய்க் குடித்திருந்த ஒருவர் புறப்பட்டபோது, வீட்டுக்காரர் அவரோடு கார் வரை நடந்து சென்று, "நலந்தானே, சகோதரா?" என்ற கருத்தில் ஒரு வார்த்தை கேட்டார். "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தது. கார் புறப்பட்டது. சற்று நேரத்தில் எதிரே வந்த வாகனத்தோடு மோதியது. அதிலிருந்த ஒருவர் மாண்டார், மூவர் படுகாயமடைந்தனர், அவர்களுள் 18 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தாள்.

2006-இல் உச்ச நீதிமன்றம், தலைமை நீதியரசர் பெவெர்லி மக்லாக்லின் எழுதிய தீர்ப்பில், வீட்டு விருந்து வைப்போருக்கு வீதியிலுள்ள மற்றோர்மீது பொதுவாக அத்தகைய சட்டக் கடமை இல்லை என்று கூறிற்று. வியாபாரி இலாபத்துக்காக விற்கிறான். கூட விற்க அவனுக்கு ஆசை உண்டு. கவனிக்கும் வசதியும் உண்டு. சட்டமும் அவனைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டாருக்கு இவை இல்லை. சட்டமென்ற அளவில் இது நியாயமான வேறுபாடே. அதே தீர்ப்பு, ஆபத்தை உண்டாக்குவதிலோ பெருக்குவதிலோ வீட்டாரே கைகொடுத்திருந்தால் நிலைமை வேறாகலாம் என்பதற்கும் இடம் வைத்தது.

சட்டம் விட்ட இடத்தில் மனச்சாட்சி தொடங்குகிறது. "சகோதரா" என்ற அந்தச் சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. சகோதரனுக்கு நான் காவலாளியா என்று மனிதன் கேட்ட முதற் கேள்விக்கு இன்னும் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு குடும்பத்தின் விருந்துக்குப் போய், உணவை மந்திரித்து, உண்டு, புறப்பட்டேன். வெளியே எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் தம் காரின் திறப்பை மூன்று முறை நிலத்தில் விழவிட்டு எடுத்தார். பின்னிருக்கையில் இரு சிறு பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். நான் கண்டேன். கண்டும், "நான் குரு, இது சந்தோஷ வீடு, நாலுபேர் முன் அவரை ஏன் வெட்கப்படுத்துவான்" என்று நினைத்து, "கவனமாய்ப் போங்கோ" என்று கையசைத்தேன். அடுத்த ஞாயிறு அவர் பிள்ளைகளோடு பூசைக்கு வந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. அதனால் நான் செய்தது சரியாகிவிட்டதா? 1999-இன் அந்த வீட்டுக்காரர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவர் கேட்ட ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை. எதிரே கார் வந்ததும் வராததும் எங்கள் இருவர் கையிலும் இல்லை. உலகம் விளைவைப் பார்த்து ஒருவனைக் குற்றவாளி என்றும் மற்றவனை நல்லவன் என்றும் பெயரிடுகிறது. உள்ளத்தைப் பார்ப்பவர் முன் எங்கள் இருவர் பெயரும் ஒரே வரியில் இருக்கும் என்றே அஞ்சுகிறேன். விபத்து வராமற் போனது இரக்கம். அது என் புண்ணியமன்று. அந்த வாலிபனுக்கு அன்று அரைகுறையாய்ப் பதில் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவன் கேள்வி கேட்டபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தத் திறப்புக் கோவையை.

விருந்தோம்பல் நம் இனத்தின் பெருமை. வந்தவருக்கு வேண்டாமென்றாலும் ஊற்றுவது, "இன்னும் ஒண்டு, எனக்காக" என்று நெருக்குவது, வெறுங் கோப்பையைக் கண்டால் குறையென்று எண்ணுவது — இவையும் விருந்தோம்பல் என்றே நாம் பழகிவிட்டோம். இலையிற் சோற்றை இடுவதுபோல் கோப்பையில் மதுவை இடலாகாது. சோறு கூடினால் வயிறு பாரமாகும். மது கூடினால் ஒரு குடும்பம் பாரமாகும். மண்டபம் எடுத்து விசேட நிகழ்வு அனுமதி பெற்று விருந்து வைப்போர், அங்கே நடப்பதற்குப் பொறுப்பாளர் தாமே என்பதையும் மறவாதிருப்பார்களாக. அங்கே சட்டமும் உங்களைப் பார்க்கிறது.

ஆகையால் ஒவ்வொரு வீட்டாரிடமும் நான் கேட்பது பெரிய காரியமன்று. விருந்துக்கு நாள் குறிக்கும்போதே, யார் யாரை வீட்டுக்குக் கொண்டுபோவார் என்பதையும் குறித்துவையுங்கள். மதுவோடு உணவும் தொடக்கத்திலேயே இருக்கட்டும். விருந்து முடிவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னே போத்தலை உள்ளே எடுத்து வையுங்கள். வாடகைக் காரின் இலக்கம் கையில் இருக்கட்டும். வரவேற்பறையில் ஒரு பாயும் தலையணையும் தயாராய் இருக்கட்டும். "இண்டைக்கு இங்கை படுங்கோ" என்று சொல்வதைவிட அழகான உபசாரம் நம் பாஷையில் உண்டோ?

அந்த வாலிபனுக்கும் இப்போது முழுப் பதில் சொல்கிறேன். ஆம் தம்பி, ஊற்றும் கைக்கும் கணக்கு உண்டு. அது முழுக் கணக்கன்று. குடிப்பவருடைய பங்கை நீ சுமக்க வேண்டியதில்லை. நியாயமாய் அறியக்கூடியதை அறிந்து, கண்டதைக் கண்டதாய் ஏற்று, உன்னால் இயன்றதைச் செய்தபின், மிச்சத்தை ஆண்டவர் கையில் விட்டுவிட்டு நிம்மதியாய் உறங்கு. ஆனால் உன் பங்கு உன்னுடையதே. அன்று மறுநாட் காலை உனக்கு உணவு இறங்காமற் போனதே, அதற்காக வருந்தாதே. உன் மனச்சாட்சி உயிரோடு இருக்கிறதென்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சான்றிதழை எந்த ஆணையமும் கொடுக்க முடியாது.

வரும் சனிக்கிழமை நீ வேலைக்குப் போகிறாய். நானும் ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். திறப்பை விழவிடுபவரைக் கண்டால், இம்முறை நான் கையசைக்கமாட்டேன். கையை நீட்டிக் கேட்பேன். நீயும் அவ்வாறே செய். நாமிருவரும் அடுத்த ஞாயிறு சந்திப்போம்.

உங்கள் பங்குத்தந்தை